பேட்டரியின் முகத்தில் வைத்த பொட்டு

சர்வீஸ் சென்டர்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. எப்படி நீக்குவதென்று அட்மினுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. போன மாதம் அதில் ஒரு செய்தி வந்தது. புதிதாக வரும் கார்ட்லெஸ் டிரில்லின் பேட்டரி, தனக்கு என்ன கோளாறு என்று தானே போனுக்குச் சொல்லிவிடுமாம். அதைப் போட்டுவிட்டு, "அண்ணே, சார்ஜ் ஏறாத பேட்டரிய எல்லாம் அந்தக் காலத்துல எப்படி எழுப்புனீங்க, பத்து பாயிண்டா எழுதிப் போடுங்க" என்று கேட்டிருந்தார்கள். அந்தக் காலம் என்று அவர்கள் சொல்வது நாலு வருடத்துக்கு முந்தைய காலம்.

பத்து பாயிண்டுக்கு என்னிடம் சரக்கு கிடையாது. மூன்றுதான் உண்டு. அந்த மூன்றை வைத்துக்கொண்டு இருபது வருடம் டாக்டர் பட்டம் வாங்காமலே டாக்டராக இருந்துவிட்டேன்.

ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படித்தேன். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் பதினெட்டு வருடம் இருந்தேன். அப்புறம் புதுக்கோட்டையில் ஒரு பவர் டூல்ஸ் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். சென்னையில் ஐந்து நாள் டிரெயினிங் கொடுத்தார்கள். பேட்டரியைத் திறக்கக் கூடாது என்று முதல் நாள் சொன்னார்கள். மற்ற நான்கு நாளும் அதையே சொன்னார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது.

இங்கே வந்து பார்த்தால், சாகாத பேட்டரிகளைத்தான் ஜனங்கள் செத்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். சித்திரை வெயிலில் மணமேல்குடியிலிருந்து பைக் பெட்டிக்குள் வைத்து ஒருவர் கொண்டுவருவார். தொட்டால் கை சுடும். அந்தச் சூட்டோடு சார்ஜரில் சொருகினால் சிவப்பு விளக்குதான் எரியும். சூடு ஆறாமல் கரண்ட் ஏற்றாதே என்று அதற்குள்ளேயே ஒரு காவல்காரன் இருக்கிறான். நான் அதை வாங்கி, பின்அறையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிழலில் வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்வேன். வந்து பார்த்தால் பச்சை எரியும். "செல்வராசு கை ராசியான கை" என்பார்கள். ராசி எனக்கில்லை, பானைக்கு.

இரண்டாவது வைத்தியம் பல் துலக்குவது. மீமிசல் கரையில் படகு வேலை பார்ப்பவர்களின் பேட்டரியில், தகடுகள் இருக்கும் பள்ளத்தில் உப்பு பூத்திருக்கும். பழைய டூத் பிரஷில் ஸ்பிரிட்டைத் தொட்டு நாலு இழுப்பு இழுத்தால் போதும். மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன். அதை அவசரத்தில் சொல்லக் கூடாது, அவசரத்தில் செய்யவும் கூடாது.

எங்கள் மேனேஜர் திருஞானம் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் சர்க்குலர். இரண்டையும் ஒரே அளவுக்கு நம்பினார். பேட்டரியைக் கையால் தொட மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சார்ஜரில் சொருகு என்று கண்ணால் காட்டுவார். சிவப்பு எரியும். எடுத்து மறுபடி சொருகச் சொல்வார். மூன்று தடவை சிவப்பு எரிந்தால் தலையை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டுவார். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டரைப் போல, "நம்ம கையில ஒன்னும் இல்லீங்க" என்பார். பிறகு சிவப்பு ஸ்டிக்கர். பிறகு புதுப் பேட்டரிக்கு பில்.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அதை அடித்துச் சொல்வேன். மூன்று சிவப்பு என்றால் மரணம் என்று சர்க்குலரில் இருந்தது, அவர் நம்பினார், அவ்வளவுதான். ஸ்டிக்கர் ஒட்டிய பிறகும் ஒரு பேட்டரி உயிரோடு இருந்தால் அதை அவர் ஒழுங்கீனமாகக் கருதினார். அதனால்தான் என் வைத்தியமெல்லாம் பின்அறையிலேயே நடந்தது.

நான் ஓய்வு பெற ஒரு வருடம் சொச்சம் இருக்கும்போது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஆயுத பூஜைக்கு எல்லோரும் தங்கள் மெஷினை அவரவர் வீட்டில் வைத்துக் கும்பிடுகிறார்கள். அதற்குப் பதில் நம் சென்டருக்குக் கொண்டுவந்து வைத்தால் என்ன? இலவச செக்கப், கூட்டுப் பூஜை, பொரிகடலை, ஒரு குரூப் போட்டோ. ராத்திரி முழுக்க மெஷின்கள் சாமி படத்துக்கு முன்னால் இருக்கும். விஜயதசமி காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம். பேனர் கட்டினோம். அறுபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். அவரே எதிர்பார்க்கவில்லை.

சந்தனத்தைப் பன்னீர் விட்டு ஒரு வாளியில் குழைத்தேன். மெஷினின் கைப்பிடியில் ஒரு பொட்டு வைத்து, பேட்டரியைக் கழற்றித் தனியாக அடுக்கி, அதன் முதுகில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். திருஞானம் சார் பார்த்துவிட்டார்.

"என்னய்யா முதுகுல வைக்கிற? சாமிக்கு மொகத்துல பொட்டு வைப்பமா, முதுகுல வைப்பமா?"

பேட்டரிக்கு முகம் எது என்று கேட்டேன். எது மெஷினைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதோ அதுதான் முகம் என்றார். அதாவது தகடுகள் இருக்கிற பள்ளம். இருபது வருடம் அந்தப் பள்ளத்தை டூத் பிரஷால் தேய்த்துச் சம்பளம் வாங்கியவன், அன்றைக்கு மறுபேச்சு பேசாமல் ஒவ்வொன்றிலும் கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமத்தை வைத்தேன். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு வாக்குவாதம் என்று தோன்றியது. எவ்வளவோ படித்தவர்கள் மேலதிகாரி சொன்னார் என்று எதையெதையோ செய்கிறார்கள். நான் வெறும் ஐ.டி.ஐ.

விஜயதசமி முடிந்த மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் இருபது பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் பேட்டரி. திருஞானம் சார் கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்ட ஆரம்பித்தார். பத்தரை மணிக்குள் ஷோகேஸில் இருந்த புதுப் பேட்டரி எல்லாம் விற்றுவிட்டது. அதற்கடுத்து வந்தவர் பாண்டியம்மாள்.

பாண்டியம்மாள் ஆலங்குடிப் பக்கம் தகரக் கூரை போடும் கான்ட்ராக்ட் எடுப்பவர். அவருடைய வீட்டுக்காரர் கத்தாரில் கூரை போடுகிறார், இவர் இங்கே போடுகிறார். இரண்டு ஆட்களை வைத்திருந்தாலும் மேலே ஏறி ஸ்குரூ முடுக்குவது இவர்தான். அன்றைக்கு நாலு பேட்டரி கொண்டுவந்தார். நாலுக்கும் மூன்று தடவை சிவப்பு. நாலு ஸ்டிக்கர். புதுசு வேண்டுமென்றால் திருச்சியிலிருந்து திங்கட்கிழமைதான் வரும் என்றார் மேனேஜர்.

"திங்கக்கெழம வரைக்கும் தாங்காதுங்க சார். ராமையா வீட்டு ஓட்டைப் பூரா பிரிச்சுப் போட்டுட்டேன். பாதிதான் தகரம் ஏறியிருக்கு. அவரு மக ஆஸ்பத்திரில பிள்ள பெத்துருக்கு, நாளைக்கு வீட்டுக்குக் கூட்டியாறாங்க" என்றார் பாண்டியம்மாள். கூரையோடு சேர்த்து வீட்டுக் கரண்டையும் இறக்கி வைத்திருந்ததால் ஒயர் மெஷினையும் வைத்து ஓட்ட வழியில்லை. கிழக்கே மேகம் கட்டியிருந்தது. ஐப்பசி மழை சர்க்குலர் பார்த்துப் பெய்வதில்லை.

திருஞானம் சார் வழக்கம்போல, நம் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் பாண்டியம்மாளைப் பின்அறைக்கு வரச் சொன்னேன்.

டார்ச்சை அடித்துப் பள்ளத்துக்குள் பார்த்தேன். மஞ்சளும் சிவப்புமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. என் கட்டைவிரல் ரேகைகூடத் தெரிந்தது. அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓரத்தில் இருக்கிற சின்னத் தகடு வழியாகத்தான் சார்ஜர் பேட்டரியின் சூட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். அந்தத் தகட்டின் வாயில் சந்தனத்தை அடைத்தால் அது எப்படிப் பதில் சொல்லும்? போதாததற்கு ராத்திரி முழுக்க ஈரச் சந்தனம் தகட்டுக்குத் தகடு பாலம் போட்டு, இருந்த கரண்டையும் சொட்டுச் சொட்டாகக் குடித்திருக்கிறது.

"என்னண்ணே அது?" என்று பாண்டியம்மாள் எட்டிப் பார்த்தார்.

"தூசிம்மா" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன கையோடு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேகமாகத் தேய்த்தேன்.

மூன்று பேட்டரிகள் ஸ்பிரிட்டிலேயே எழுந்துவிட்டன. நாலாவது எழவில்லை. மீட்டர் வைத்தால் பதினெட்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றுதான் இருந்தது. இங்கேதான் மூன்றாவது பாயிண்ட். இவ்வளவு வடிந்த பேட்டரியை சார்ஜர் ஏறெடுத்தும் பார்க்காது. அதே வகையில் நல்ல பேட்டரி ஒன்றை எடுத்து, பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று ஒயர் வைத்துக் கொஞ்சம் கடன் கொடுக்க வேண்டும். பத்து எண்ணும் வரை கொடுத்துவிட்டு எடுத்துவிட வேண்டும். புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடு இல்லையென்றால் மறுபடி பத்து. அதற்குள் டீ குடிக்கப் போகிறேன், போன் பேசுகிறேன் என்று நகரக் கூடாது. உப்பியது, ஒழுகியது, மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது, இவற்றை இந்த வைத்தியத்துக்குத் தொடவே கூடாது, தீப்பிடிக்கும். யூடியூபில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே செய்து காட்டுகிறார் என்பதற்காக நீங்களும் சிரித்துக்கொண்டே செய்யாதீர்கள்.

எட்டாவது தடவையில் மீட்டர் பதினைந்தைத் தொட்டது. அரைமணி நேரம் சும்மா வைத்துப் பார்த்தேன், இறங்கவில்லை. சார்ஜரில் சொருகினேன். பச்சை. பாண்டியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு கூசிப்போய் நான் ஒரு கும்பிடை வாங்கியதில்லை.

நாலும் நிறைந்து அவர் பஸ் ஏறும்போது மணி மூன்று. நாலரைக்கு மழை பிடித்துக்கொண்டது. கூரை முடிய ஆறு தகரம் பாக்கி. மறுநாள் பச்சைக் குழந்தையோடு வந்த பெண்ணைப் பக்கத்து வீட்டில் தங்கவைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று சாயங்காலமே மேனேஜர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். சந்தனத்தால்தான் இத்தனையும், ஸ்டிக்கர் ஒட்டியதெல்லாம் நல்ல பேட்டரி, வாங்கியவர்களைத் திரும்பக் கூப்பிட்டுத் துடைத்துக் கொடுத்துவிடலாம் என்றேன். அவருக்கு முகம் வெளிறிவிட்டது. உண்மையிலேயே பயந்தார்.

"சாமிக்கு வச்ச சந்தனம்யா. அதுனால போயி கெடுதல் வருமா?" என்றார். கொஞ்ச நேரம் விபூதியைத் தடவிக்கொண்டார். "சரி, அப்படியே வச்சுக்குவம். வச்சது யாரு?"

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவர் என்னை மிரட்டினார் என்று சொல்ல மாட்டேன். பதின்மூன்று மாதத்தில் ஓய்வு பெறப் போகிற ஒருவனை மிரட்ட வேண்டிய அவசியமே இல்லை. அவன் தன்னைத்தானே மிரட்டிக்கொள்வான்.

அந்த வாரம் அவர் சாப்பிடப் போகிற நேரத்தில் வந்தவர்களுக்கு மட்டும் கமுக்கமாகத் துடைத்துக் கொடுத்தேன். மற்றவர்கள் புதுசு வாங்கினார்கள். அந்த மாதம் பேட்டரி விற்பனையில் எங்கள் கிளைதான் முதல். கேடயம் வந்தது. ஒரே வாரத்தில் இவ்வளவு பேட்டரி ஏன் செத்தது என்று விசாரிக்க ஒரு இன்ஜினியரும் வந்தார். திருஞானம் சார் அவரை சித்தன்னவாசல் கூட்டிப்போய் ஓவியம் காட்டி, திரும்பும் வழியில் நாட்டுக்கோழி சாப்பாடு போட்டு அனுப்பினார். இந்தப் பகுதியின் தட்பவெப்பம்தான் காரணம் என்று அவர் எழுதினார். கேடயத்தோடு எடுத்த போட்டோவில் நானும் இருக்கிறேன், இரண்டாவது வரிசையில், பல்லைக் காட்டிக்கொண்டு.

மறு வருடம் ஆயுத பூஜை வந்தது. நான் ஓய்வு பெற ஒரு மாதம். அதே பேனர், அதே வாளி. பாண்டியம்மாளின் ஆள் ஒருவன் மெஷினையும் பேட்டரிகளையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். கூடவே ஒரு எவர்சில்வர் சம்படம் நிறைய, வீட்டில் அரைத்த சந்தனம். பாண்டியம்மாள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

ஏன் அங்கேயே நிற்கிறாய், உள்ளே வா என்று கூப்பிட்டேன்.

"வேணாம்ணே, நான் இங்கிட்டே நிக்கிறேன். அந்தச் சந்தனத்தைக் கூடவே வச்சு விடுங்க, போன வருசம் பத்தாமப் போச்சு போல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ராமையா ஆத்தா இருக்காகல்ல, பொம்பள தொட்ட ஆயுதம் எப்புடி வேலை செய்யும், தீட்டோட தொட்டிருப்பான்னு ஊரு பூராச் சொல்லிட்டாக. மிச்ச ஆறு தகரத்தையும் என்னைய ஏற விடாம ஆளுகள வச்சுத்தான் முடுக்க விட்டாக. மொதல்ல சிரிச்சேன். அப்புறம் நாலு வீட்ல அதையே சொல்லி வேலைய நிப்பாட்டுனாங்க. இந்த ஒரு வருசமா நான் மெசினத் தொடுறதில்லண்ணே. கீழ நின்னு ஆள வச்சுத்தான் வேலை வாங்குறேன்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் அந்த உலைக்கு அடியில் நெருப்பு வைத்தது என் ஒரு வார்த்தை. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால், அந்தக் கிழவி என்னைத் திட்டியிருப்பார், அதோடு போயிருக்கும்.

சொல்லிவிட்டேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, வந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன். பொட்டு வைத்தது நான், சார்ஜ் ஏறாமல் போனது அந்தப் பொட்டால்தான், தூசி என்று சொன்னது பொய் என்றேன். போன வருடம் புதுப் பேட்டரி வாங்கியவர்கள் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். திருஞானம் சார் பூத் தட்டோடு அப்படியே நின்றார்.

பாண்டியம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இங்க சொல்லி எனக்கு என்னண்ணே ஆகப்போகுது? ராமையா வீட்ல வந்து சொல்லுங்க" என்றார்.

அந்த வருடம் பொட்டு பேட்டரியின் முதுகில் வைக்கப்பட்டது. பொட்டு முதுகில்தான் வைக்க வேண்டும் என்று அடுத்த வாரம் எல்லாக் கிளைகளுக்கும் ஒரு சர்க்குலர் போனது. கள அனுபவத்திலிருந்து இதைக் கண்டறிந்தவர் என்று திருஞானம் சாரின் பெயர் அதில் இருந்தது.

பூஜைக்கு மறுவாரம் லீவு போட்டுவிட்டு ராமையா ஊருக்குப் போனேன். வெறும் வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று ஒரு பேட்டரி, சார்ஜர், சந்தனம், டூத் பிரஷ், ஸ்பிரிட் எல்லாம் பையில் எடுத்துக்கொண்டேன். பாண்டியம்மாளும் ஏணியும் மெஷினுமாக ஆட்களோடு வந்திருந்தார். அங்கிருந்து வேறு வேலைக்குப் போக வேண்டுமாம். ராமையா நாற்காலி போட்டார். பேரப்பிள்ளை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தான். ராமையாவின் தாயார் வாசற்படியில் வெற்றிலை இடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார்.

நடந்ததைச் சொன்னேன். பிறகு செய்து காட்டினேன். பேட்டரியை சார்ஜரில் சொருகினேன், பச்சை. எடுத்துப் பள்ளத்தில் சந்தனத்தை அப்பிச் சொருகினேன், சிவப்பு. மறுபடி எடுத்துப் பிரஷால் சுத்தமாகத் தேய்த்து, ஈரம் காயவிட்டுச் சொருகினேன், பச்சை.

"பாத்தியா, ஆம்பள கைபட்டதும் பச்சை எரியுது" என்றார் ராமையாவின் தாயார்.

பாண்டியம்மாளைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே சந்தனத்தை வைத்து, அவர் கையாலேயே துடைத்துச் சொருகச் சொன்னேன். ஒரு வருடம் கழித்து அவர் பேட்டரியைத் தொட்டார். பச்சை எரிந்தது.

"அவுகதான் பக்கத்துல நிக்கிறாகளே" என்றார் கிழவி.

ராமையா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பெரிய மனசுக்காரரு. அந்தப் பொண்ணுக்குப் பொழப்பு போயிருச்சேன்னு, செய்யாத தப்ப உங்க தலைல போட்டுக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க. இந்தக் காலத்துல யாரு வருவா?"

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை முழு உண்மையைப் பேசினேன். அதற்கு நல்ல மனசோடு பொய் சொன்னவன் என்று பெயர் கிடைத்தது. காபி கொடுத்தார்கள், குடித்தேன். எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன். பாண்டியம்மாள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அப்போது கிழவி வெற்றிலை உலக்கையைக் கீழே வைத்துவிட்டுக் கூரையின் வடமூலையைக் காட்டினார். "ஏ பாண்டியம்மா, அந்த மூலைல ரெண்டு ஆணி லூசாகி ஒழுகுதுடி. பிள்ள படுக்குற எடம். வந்தது வந்துட்ட, ஏறிப் பாத்து முடுக்கிட்டுப் போ."

பாண்டியம்மாள் தன் ஆட்களைக் கூப்பிடவில்லை. கிழவியையே பார்த்தார்.

"ஆள ஏறச் சொல்லவா, நான் ஏறவா ஆத்தா? பொம்பள தொட்டா ஆகாதுன்னீங்களே."

"அவனுக முடுக்குனதுதானடி இப்ப ஒழுகுது" என்றார் கிழவி. "நீ ஏறு."

பாண்டியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷினை எடுத்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.